பெல் அடித்த பிறகு 45 நொடி: போட்டிப் பதற்றத்தோடு குதிரை ஓட்டப் பழகுவது எப்படி?

பயிற்சித் திடலில் 80 செ.மீ. தடைகளைச் சாதாரணமாகத் தாண்டும் ஒருவர், போட்டி நாளில் 60 செ.மீ. தடைக்கு முன்னால் தடுமாறுவார். குதிரையும் அதேதான், சேணமும் அதேதான். உடனே, "தைரியம் பத்தாது" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதற்றம் ஒலிம்பிக் வீரர்களுக்கும் வரும். அது உடம்பில் எங்கே போய் உட்காருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் குதிரை அதை உடனே பிடித்துவிடும். ஸ்வீடனில் லிண்டா கீலிங் குழுவினர் 2009-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிலரைக் குதிரையில் ஏறியோ, கையில் பிடித்து நடத்தியோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நான்கு முறை போகச் சொன்னார்கள். நான்காவது முறைக்கு முன்னால், "இப்போது குதிரை போகும்போது ஒரு குடையை விரிக்கப்போகிறோம்" என்றார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் ஆளின் இதயத்துடிப்பு ஏறியது, கூடவே குதிரையின் துடிப்பும் ஏறியது.

அதனால் இந்தப் பயிற்சியை உடம்பிலிருந்து தொடங்குவோம். ஷோ ஜம்பிங்கை, அதாவது வரிசையாக வைத்த தடைகளைக் குதிரையோடு தாண்டும் போட்டியை வைத்தே சொல்கிறேன்.

படி 1: இறுக்கம் எங்கே என்று கண்டுபிடியுங்கள்

நாலு பேர் பார்க்கும்போது நீங்கள் ஓட்டுவதை ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முழங்கால் சேணத்தைக் கவ்வுகிறதா? கை கடிவாள வாரை இழுத்துப் பிடிக்கிறதா? கண் தடையின் அடிப்பகுதிக்குப் போகிறதா? முழங்கால் கவ்வினால் கீழ்க்கால் பின்னால் போகும், உடம்பு முன்னால் சாயும். கை இறுகினால் குதிரை தலையைத் தூக்கும். இதில் ஒன்றே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். "எனக்குப் பயம்" என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது; "என் முழங்கால் இறுகுகிறது" என்பதைத் திருத்தலாம்.

படி 2: குதிரையின் நடையோடு மூச்சு

குதிரை நடக்கும்போது அதன் முன்னங்கால் எட்டுகளை எண்ணுங்கள். நான்கு எட்டுக்கு மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எட்டுக்கு வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும். நடையில் பழகிய பிறகு டிராட் (துள்ளோட்டம்), அப்புறம் கேன்டர் (அதைவிட வேகமான, மிதமான பாய்ச்சல்).

புதியவர்களில் பலர் ஒரு சுற்று முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறார்கள், அது அவர்களுக்கே தெரியாது. இதற்கு எளிய வழி, வாய்விட்டு எண்ணுவது அல்லது பாடுவது. பாடிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாது. இதைத் தினசரிப் பயிற்சியிலேயே செய்யுங்கள். போட்டியன்று முதன்முதலாகச் செய்து பார்த்தால் கைகொடுக்காது.

படி 3: மனதில் ஒரு சுற்று

போட்டிக்கு முன் கோர்ஸ் வாக் இருக்கும், அதாவது தடைப் பாதையைக் கால்நடையாக நடந்து பார்க்கும் நேரம். அதில் நீங்கள் ஓட்டப்போகும் பாதையிலேயே நடங்கள், திருப்பங்களைக் குறுக்கே வெட்டாதீர்கள். நீங்கள் 90 செ.மீ. அளவில் வைக்கும் நான்கு எட்டு, கேன்டரில் குதிரை வைக்கும் ஒரு ஸ்ட்ரைடுக்கு (ஒரு பாய்ச்சலுக்கு)ச் சமம், அதாவது 3.6 மீட்டர் சொச்சம். இரண்டு தடைகளுக்கு இடையே எண்ணும்போது, இறங்க இரண்டு எட்டும் எழும்ப இரண்டு எட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

நடந்து முடித்ததும் ஓர் ஓரமாக நின்று கண்ணை மூடி அந்தச் சுற்றை ஓட்டுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். உண்மையான சுற்றுக்கு 70 நொடி என்றால் மனதிலும் 70 நொடி ஆக வேண்டும். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். ஹோம்ஸ், காலின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-இல் முன்வைத்த முறையும் இதைத்தான் வலியுறுத்துகிறது: மனப்பயிற்சி நிஜத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. ஆகவே கட்டிலில் படுத்துக்கொண்டு வேண்டாம். ஹெல்மெட், பூட்ஸ் போட்டு, கையில் வார் பிடித்த நிலையில், குதிரையின் இரு காதுகளுக்கு நடுவே தடை தெரிவதாகப் பாருங்கள். மனதில் ஐந்தாம் தடையின் கட்டை விழுந்துவிட்டதா? மூன்றாம் தடைக்குத் திரும்பி அங்கிருந்து மறுபடி ஓட்டுங்கள்.

படி 4: "இப்படி ஆனால், இதைச் செய்வேன்"

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்து எழுதிய முறை இது. மூன்று வாக்கியங்கள் போதும்:

- கட்டை விழும் சத்தம் கேட்டால், அடுத்த தடையைப் பார்ப்பேன்.
- குதிரை மறுத்து நின்றால், மூச்சை விட்டு, வட்டமடித்து, காலால் தெளிவாகச் சொல்லி வருவேன்.
- பாதை மறந்தால், வேகத்தைக் குறைத்து அடுத்த தடையின் எண்ணைத் தேடுவேன்.

"விழக்கூடாது", "சொதப்பக்கூடாது" என்று எழுதாதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று அது உடம்புக்குச் சொல்வதில்லை. விழுந்த கட்டைக்கு 4 பெனால்டி புள்ளி, அதோடு முடிந்தது. திரும்பிப் பார்த்தால் அடுத்ததும் போகும்.

படி 5: பெல்

சர்வதேச விதிப்படி, சுற்றைத் தொடங்கச் சொல்லும் பெல் அடித்ததும் 45 நொடி கிடைக்கும். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் தொடக்கக் கோட்டைத் தாண்டலாம். புதியவர்கள் பெல் கேட்டதும் பாய்ந்துவிடுகிறார்கள். வேண்டாம். முதலில் ஒரு நீண்ட வெளிமூச்சு. குதிகாலைக் கீழே இறக்கி, படி 1-இல் தேர்ந்தெடுத்த இடத்தைத் தளர்த்துங்கள். பிறகு கேன்டர். அது சீரானதும் முதல் தடையைப் பார்த்து ஒரு சொல்: "முன்னே" அல்லது "மெல்ல", உங்கள் குதிரைக்கு எது தேவையோ அது.

"அமைதியாக இரு" என்று உங்களையே அதட்டுவதைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொள்வது உதவலாம். ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் பாடுகிறவர்கள், மேடையில் பேசுகிறவர்கள், கணக்குப் போடுகிறவர்களிடம் இதைச் சோதித்தார், பலன் தெரிந்தது. ஆனால் நம் விஷயத்தில் கீழே இன்னொரு உயிர் இருக்கிறது. அதற்கு நம் வாக்கியம் புரியாது, மூச்சுதான் புரியும். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

படி 6: பதற்றத்தையே ஒத்திகை பாருங்கள்

நண்பர்களை வேலியோரம் நிற்க வையுங்கள். ஒருவர் மணி அடிக்கட்டும். போட்டி உடையில், ஒரே ஒரு வாய்ப்பு, திருத்தி ஓட்ட அனுமதி இல்லை. மாதம் இரண்டு முறை போதும்.

எங்கே நிறுத்த வேண்டும்

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கின் நவீன பென்டத்லானில் (குதிரையேற்றமும் சேர்ந்த ஐந்து விளையாட்டுப் போட்டி) ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய் முன்னிலையில் இருந்தார். அந்தப் போட்டியில் முன்பின் தெரியாத குதிரையைக் குலுக்கலில் கொடுத்துப் பழக 20 நிமிடம்தான் தந்தார்கள். அவருக்கு வந்த செயின்ட் பாய், அதற்கு முன் இன்னொரு வீராங்கனையிடமும் தாண்ட மறுத்த குதிரை. ஷ்லோய் கண்ணீரோடு மேலே. குதிரை அசைய மறுத்தது. அவருடைய பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தியதற்காக நீக்கப்பட்டார். 2024 பாரிஸுக்குப் பிறகு பென்டத்லானில் குதிரையேற்றமே கிடையாது.

எந்த மூச்சுப் பயிற்சியும் அந்த நிலைமையைச் சரிசெய்திருக்காது. குதிரை மிரண்டுவிட்டால் கையைத் தூக்கி நடுவருக்குத் தெரிவித்து விலகுங்கள். விதி அதை அனுமதிக்கிறது. எப்போதும் தாண்டும் குதிரை திடீரென மறுக்கத் தொடங்கினால், முதலில் கால்நடை மருத்துவரிடம் முதுகு, பல், குளம்பைக் காட்டுங்கள், சேணம் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். வலியோடு இருக்கும் குதிரையிடம் நீங்கள் மனதைப் பக்குவப்படுத்தி என்ன பயன்? அதேபோல, ஒரு விழுதலுக்குப் பிறகு உங்களுக்குத் தூக்கம் கெட்டு, லாயத்தை நெருங்கினாலே நடுங்குகிறது என்றால் மனநல நிபுணரைப் பாருங்கள்.

சுற்று முடிந்ததும் குதிரையின் வயிற்றுப் பட்டியைத் தளர்த்தி, அதை ஆற நடத்துங்கள். அப்புறம் நோட்டில் இரண்டு வரி: எந்தத் தடையில் மூச்சு நின்றது, எங்கே முழங்கால் இறுகியது. மதிப்பெண்ணை அதன் கீழே எழுதுங்கள்.