கை தப்பா, கருவி தப்பா? கிரைண்டரை வைத்தே கண்டுபிடிக்கலாம்

போன மாதம் எதிர்வீட்டு மாமா, இரும்பைத் தேய்க்கவும் அறுக்கவும் கையில் பிடித்து ஓட்டும் தன் 4 அங்குல கிரைண்டரைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். செம்பனைக் குலை வெட்டும் அரிவாளைத் தீட்டும்போது கிரைண்டரில் சுழலும் டிஸ்க் உடைந்து முன்கையைக் கிழித்துவிட்டது. ஏழு தையல். "மிஷினே சரியில்லப்பா" என்றார். சுங்கை சிப்புட்டில் எங்கள் தெருமுனை ஒட்டுக்கடையில் அதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்: "கார்டைக் கழற்றினா வேற என்ன ஆகும்?" கார்டு என்பது டிஸ்க்கை மறைத்து நிற்கும் தடுப்பு.

தோட்டப்புறத்தில் யாருக்கு அடிபட்டாலும் முதல் பழி கைமேல்தான் விழுகிறது. அது எனக்கு ஆறாத வருத்தம். யார்மேல் பழி போடுவது என்று முடிவு செய்யும் முன் கருவியைப் பார்க்கப் பழகுங்கள். புதிதாகக் கருவி பிடிப்பவர்களும் செய்யக்கூடிய வேலைதான்.

முதலில்: ஓட்டிப் பார்க்காதீர்கள்

பிளக்கைப் பிடுங்குங்கள். உடைந்த துண்டு, பெட்டி, ரசீது எதையும் வீசாதீர்கள். இருக்கிற நிலையிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள். துடைத்துவிட்டால் பாதி சாட்சி போய்விடும்.

அடுத்து: டிஸ்க்கைப் படியுங்கள்

உண்மை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். கிரைண்டரின் தகட்டில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று இருக்கும். மாமாவுடையது 11,000. அந்த வேகத்தில் 100 மில்லிமீட்டர் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. டிஸ்க்கில் அச்சிட்ட சுற்று எண் தகட்டில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. பெரிய டிஸ்க்குகளுக்கு அந்த எண் குறைவு. கார்டைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டும் பழக்கம் அதனால்தான் உயிருக்கு ஆபத்து. மரம் அறுக்கும் பல் பிளேடை கிரைண்டரில் மாட்டுவதும் அப்படித்தான். அதற்குக் கருவியைக் குறை சொல்ல வழியே இல்லை.

நடுவில் உள்ள உலோக வளையத்தையும் பாருங்கள். பல டிஸ்க்குகளில் காலாவதி மாதமும் ஆண்டும் அதில் பதிந்திருக்கும். டிஸ்க் என்பது பிசின் வைத்து ஒட்டிய சரக்கு. ஈரத்தில் கிடந்தால் பலம் போய்விடும்.

பிறகு டிஸ்க்கின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். மாமாவின் டிஸ்க் 1 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத வெட்டும் டிஸ்க். அதன் முகத்தில் அரை வட்டமாக ஒரு பளபளப்பு. அரிவாளின் வளைவை அந்த முகத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறார். வெட்டும் டிஸ்க் விளிம்பால் அறுக்க மட்டுமே செய்தது, பக்க அழுத்தம் தாங்காது. தேய்ப்பதற்கு 6 மில்லிமீட்டர் கனமுள்ள டிஸ்க் தனியாக விற்கிறது. இந்த இடத்தில் தப்பு கையுடையது. அரிவாள் முனை நீலம் பாய்ந்திருந்தது. அந்த அளவுக்குச் சூடேறினால் இரும்பின் பதமும் போய்விடும்.

மிஷினின் உடம்பு

இதற்கு அதிக நேரம் வேண்டாம். டிஸ்க் இல்லாமல் தண்டை விரலால் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. காற்றுத் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா, மோட்டாருக்குக் கரண்ட் கடத்தும் கரித்துண்டான கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கருகிய வாடை அடித்தால், சுருட்டி வைத்த நீட்டு வயரில் ஓட்டினார்களா என்று கேளுங்கள்.

மூன்று பேர் சோதனை

நான் அதிகம் நம்புவது இதைத்தான். பிளக் இல்லாத கருவியை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, அதே வேலையைச் செய்வதுபோல் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் மட்டும் தவறினால் அது பழக்கக் குறை. மூவரும் ஒரே இடத்தில் தவறினால் கருவிதான் அவர்களை அங்கே தள்ளுகிறது.

மாமா கழற்றி வைத்திருந்த கார்டை மாட்டிக் கொடுத்துப் பார்த்தேன். மூவருமே அந்தக் கார்டில்தான் தடுமாறினார்கள். அரிவாளின் வளைவு நுழையும் இடத்தில்தான் கார்டு நிற்கிறது. அதைத் திருப்ப ஒரு அறுகோணச் சாவி வேண்டும். வாங்கிய பெட்டியில் சாவி இல்லை, கருவியில் அதைச் செருகி வைக்க இடமும் இல்லை. நல்ல வடிவமைப்பில் நெம்புகோலைத் தட்டினால் கார்டு கையாலேயே திரும்பும். திருப்பக் கஷ்டமாக இருந்தால் நாளடைவில் கழற்றித்தான் எறிவார்கள். செய்தவர்கள் அதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

இது என் சொந்த நியாயம் இல்லை. இயந்திரப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 12100 தரவிதி வைக்கும் வரிசையைப் பாருங்கள்: முதலில் ஆபத்தையே வடிவமைப்பில் நீக்கு, முடியாவிட்டால் தடுப்பு வை, எச்சரிக்கை வாசகம் கடைசி. மனிதர்கள் எப்படித் தவறாகப் பிடிப்பார்கள் என்பதையும் வடிவமைப்பவர் எதிர்பார்க்க வேண்டும் என்கிறது.

சுவிட்ச்சையும் பாருங்கள். தள்ளினால் பூட்டிக்கொள்ளும் சுவிட்ச்சா? வேலை நடுவே கரண்ட் போகிறது, கிரைண்டரை மேசையில் வைத்துவிட்டுப் போகிறீர்கள், கரண்ட் வருகிறது. என் பட்டறையில் அப்படி ஒரு மிஷின் தானாக ஓடி மேசையிலிருந்து என் காலடியில் விழுந்தது. அணைக்க மறந்தது நான்தான். ஆனால் மீண்டும் கரண்ட் வந்தாலும் ஓடாமல் தடுக்கும் கிரைண்டர்கள் கடையில் கிடைக்கின்றன. அதன்பிறகு அது இல்லாததை நான் வாங்குவதில்லை.

குறை கருவியுடையது என்று தெரிந்தால்

வீட்டு உபயோகத்துக்கு வாங்கியிருந்தால் மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். பொருள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. முதலில் கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டிப் பேசுங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம்: கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். காயத்துக்கான நஷ்டஈட்டை அங்கே கேட்க முடியாது. அதற்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

மாமாவிடம் இரண்டையும் சொன்னேன். டிஸ்க் உங்கள் தப்பு மாமா, கார்டு அவர்கள் தப்பு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ கார்டை மாட்டிக் குடு" என்றார். 6 மில்லிமீட்டர் டிஸ்க்கோடு மாட்டிக் கொடுத்தேன். அறுகோணச் சாவி ஒன்று வாங்கி, வயரில் பிளக்குக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டிருக்கிறேன். பிளக்கைப் பிடுங்காமல் சாவி கார்டை எட்டாது.