மைசெல்ஃப் எங்கே வரும், எங்கே வராது

குன்னூரில் டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்கும் விடுதிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கும் சாயங்காலம் ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாள் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னால், பத்தில் எட்டுப் பேர் ‘மைசெல்ஃப்’ என்று ஆரம்பித்து அடுத்த சொல்லாகப் பெயரைச் சொல்வார்கள். ‘ஐ ஆம்’ அல்லது ‘மை நேம் இஸ்’ போதும். மைசெல்ஃப் அந்த இடத்துக்கு வரவே வராது. ஏனென்றால் அது திரும்பி வரும் சொல். யார் செய்தாரோ அவர் மேலேயே செயல் திரும்பி வருவதைச் சொல்வதுதான் அதன் முக்கிய வேலை. ‘நானே’ என்று அழுத்திச் சொல்லவும் வரும், அதைப் பின்னால் பார்ப்போம்.

இது புரிய ஒரு உதாரணம் போதும். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது ஒருவர் தன் கையிலேயே வெட்டிக்கொண்டார். அவரைக் கூட்டிப்போன பையன் டாக்டரிடம் ‘ஹி கட் ஹிம்’ என்றால், இவர் வேறு யாரையோ வெட்டிவிட்டார் என்று அர்த்தம். ‘ஹி கட் ஹிம்செல்ஃப்’ என்றால்தான் காயம் இவருக்கு. தமிழில் ‘கொள்’ செய்கிற வேலையை இங்கே ‘செல்ஃப்’ செய்கிறது.

இதே காரணத்தால் ‘கால் மைசெல்ஃப்’ தப்பு. கூப்பிடப்போவது நீங்கள், கூப்பிடப்படுவது நான். ஆள் வேறு வேறு. ‘கால் மீ’ என்பதே சரி. ‘மீ’ மரியாதைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

அப்புறம், ‘கொள்’ வருகிற எல்லா இடத்திலும் செல்ஃப் போட முடியாது. தொட்டபெட்டாவில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க என்று விருந்தாளியிடம் சொல்ல நினைத்து ‘டேக் எ ஸ்வெட்டர் வித் யுவர்செல்ஃப்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது ‘வித் யூ’. கூட எடுத்துப்போவது, பக்கத்தில் வைத்துக்கொள்வது போன்ற இடங்களில் வெறும் மீ, யூ, ஹிம் போதும்.

நேர்மாறான தப்பும் உண்டு, அது சுற்றுலா ஊரில் தினமும் காதில் விழும். ‘வீ என்ஜாய்ட் வெரி மச்.’ என்ஜாய் என்ற வினை தனியாக நிற்காது. எதை ரசித்தோம் என்று அடுத்து வர வேண்டும். ‘வீ என்ஜாய்ட் த டிரிப்’ என்று சொல்லலாம். பொருள் எதையும் சொல்லாமல் நன்றாகப் பொழுது போனது என்று சொல்ல வேண்டுமானால் ‘வீ என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்’.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் நம் ஏகாரம். ‘இன்னைக்கே வாங்க’ என்பது ‘கம் டுடே இட்செல்ஃப்’ ஆகிறது. ‘இங்கேயே’ என்பது ‘ஹியர் இட்செல்ஃப்’. இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும், நமக்குள் பேசினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. வெளிநாட்டு விருந்தாளி கொஞ்சம் முழிப்பார், தேர்வில் மதிப்பெண் போகும். ‘டுடே’ என்பதையே அழுத்திச் சொல்லுங்கள். இங்கேயே என்பதற்கு ‘ரைட் ஹியர்’. ஆனால் ஒரு பொருளின் பெயருக்குப் பின்னால் இட்செல்ஃப் அழகாக உட்காரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் 46 கிலோமீட்டரை ஏற ஏறக்குறைய 5 மணி நேரம் எடுக்கிறது. அந்தப் பயணமே ஒரு சுகம் என்று சொல்ல ‘த ஜர்னி இட்செல்ஃப் இஸ் எ ப்ளெஷர்’ என்றால் நூற்றுக்கு நூறு சரி. ‘நானே சமைத்தேன்’ என்பதும் அப்படித்தான்: ‘ஐ குக்ட் இட் மைசெல்ஃப்’.

இன்னொரு சிக்கல் நம் மரியாதையால் வருகிறது. நமக்கு ‘நீங்கள்’ ஒருவருக்கும் ஆகும், பத்துப் பேருக்கும் ஆகும். ஆங்கிலத்தில் யூ அப்படியே, ஆனால் செல்ஃப் சேரும்போது எண்ணிக்கை பார்க்கும். வயதான ஒருவர் முன் டீயும் வர்க்கியும் வைத்தால் ‘ஹெல்ப் யுவர்செல்ஃப், சார்’. குடும்பமாக வந்தால் ‘ஹெல்ப் யுவர்செல்வ்ஸ்’. மரியாதைக்காக ஒருவரிடம் செல்வ்ஸ் போட வேண்டாம்.

‘ஹிஸ்செல்ஃப்’, ‘தேர்செல்வ்ஸ்’ இரண்டையும் விட்டுவிடுங்கள். மைசெல்ஃப், யுவர்செல்ஃப் போல ஹிஸ், தேர் என்று சேர்க்கத் தோன்றும். சரியான வடிவம் ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ். இருவர் மாறி மாறிச் செய்வதற்கும் தெம்செல்வ்ஸ் உதவாது. இரண்டு டிரைவர்கள் ஒருவருக்கொருவர் உதவினால் ‘தே ஹெல்ப்ட் ஈச் அதர்’. போன வாரம் வகுப்பில் இதைச் சொன்னதும், கடைசி பெஞ்சில் இருந்த டிரைவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, ‘நேத்து பர்லியாறுல என் டயரை இவர் மாத்தினார், நான் இவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், அப்போ ஈச் அதர்தானே சார்?’ என்று கேட்டார். ஆமாம், அதேதான்.