பாட்டி வடை சுட்ட கதையில் ஆங்கிலம்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதையை எடுங்கள். பாட்டி வடை சுட்ட கதை அருமையாகப் பொருந்தும். என்ன நடக்கிறது என்பது தெரிந்திருப்பதால், 'க்ரோ', 'ஃபாக்ஸ்' என்றதும் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள்.

முதலில் தமிழில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அப்புறம் ஆறேழு சின்ன ஆங்கில வாக்கியங்களில், நடித்துக்காட்டிச் சொல்லுங்கள். இந்தச் சுற்றில் வரிக்கு வரி தமிழாக்கம் வேண்டாம். கொடுத்தால் பிள்ளைகள் தமிழுக்காகக் காத்திருப்பார்கள், ஆங்கிலத்தைக் காதில் வாங்க மாட்டார்கள்.

திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிதான் இதில் உயிர். நரி 'ப்ளீஸ் சிங் ஃபார் மீ' என்று கெஞ்சட்டும். காகம் இரண்டு முறை தலையாட்டி மறுக்கட்டும், மூன்றாம் முறை வாயைத் திறக்கட்டும். நரியின் வரியை வகுப்பே சேர்ந்து சொல்ல வேண்டும். தனியாகப் பேசக் கூச்சப்படும் குழந்தையும் கூட்டத்தோடு சொல்லிவிடும். உச்சரிப்பு பிசகினால் இடையில் நிறுத்தித் திருத்தாதீர்கள்; அடுத்த முறை நீங்கள் சரியாகச் சொன்னாலே போதும்.

மறுநாள் 'சிங்' இருக்கும் இடத்தில் 'டான்ஸ்', 'ஜம்ப்' என்று பிள்ளைகளையே மாற்றச் சொல்லுங்கள். காகம் ஆடினால் வடை என்னவாகும்? அதை அவர்களே முடிவு செய்யட்டும்.

புதுக் கதை வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன.