ஆஸ்திரேலியாவில் பிள்ளையை சாக்கரில் சேர்ப்பது எப்படி? பதிவு முதல் சனிக்கிழமை ஆட்டம் வரை

முதலில் 'சாக்கர்' (நாம் கால்பந்து என்பது) என்று பெயரைச் சரியாகச் சொல்லிக் கேளுங்கள். "ஃபுட்டி சேர்க்கணும்" என்று மெல்பர்னில் விசாரித்தால் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் என்ற வேறொரு பந்தாட்டத்துக்கு வழிகாட்டுவார்கள். சிட்னியில் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் ரக்பி லீக் என்று பொருள். தேசியச் சங்கம் 2005-லேயே தன் பெயரிலிருந்து 'சாக்கர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. ஆனாலும் தெருவில் இன்றும் சாக்கர்தான், ஆண்கள் தேசிய அணியும் சாக்கரூஸ்தான்.

ஸ்டேடியக் கூட்டத்தையும் தொலைக்காட்சியையும் வைத்து இந்த விளையாட்டை எடைபோட வேண்டாம். அங்கே மற்ற இரண்டு ஃபுட்டிகளும் கிரிக்கெட்டும் முந்திவிடும். சாக்கரின் பலம் புறநகர்ப் பூங்காக்களில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கிரேக்க, இத்தாலிய, குரோஷியக் குடும்பங்கள் ஊன்றிய கிளப்புகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. 2005 நவம்பரில் ஆஸ்திரேலிய ஆண்கள் அணி உருகுவேயை பெனால்டியில் வீழ்த்தி, 32 ஆண்டுகளுக்குப் பிறகு உலகக் கோப்பைக்குள் நுழைந்தது ஒரு திருப்பம். 2023 மகளிர் உலகக் கோப்பை அதைவிடப் பெரிது: இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியை சிட்னியில் நேரில் பார்த்தவர்கள் 75,784 பேர். அதன்பின் சிறுமிகள் பெருமளவில் வந்து சேர்ந்தார்கள். ஆகவே பதிவைத் தள்ளிப்போட்டால் இடம் கிடைப்பது கடினம்.

பதிவு

சீசன் குளிர்காலத்தில், ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை. பதிவை ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள். மார்ச்சில் போனால் குழு நிறைந்து காத்திருப்போர் பட்டியல்தான். வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்து: அந்த ஆண்டில் 8 வயது நிறைகிறவர், டிசம்பரில் பிறந்திருந்தாலும், 8 வயதுக்குட்பட்டோர் பிரிவு. பள்ளி வகுப்பை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் பலர் தவறுகிறார்கள்.

வீட்டுக்கு அருகிலுள்ள கிளப்பைத் தேர்ந்தெடுத்து, 'பிளே ஃபுட்பால்' தளத்தில் பதிவு செய்து கட்டணம் கட்டுங்கள். அந்தத் தொகைக்குள் கிளப், வட்டாரச் சங்கம், மாநிலம், தேசியச் சங்கம் எல்லாவற்றின் பங்கும் காப்பீடும் இருக்கும். சட்டை அதில் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நியூ சவுத் வேல்ஸில் குடும்ப வருமானத்தைப் பொறுத்து 50 டாலர் வவுச்சர் உண்டு. கட்டுவதற்கு முன்பே அதை எடுத்து வையுங்கள்.

பிள்ளைக்கு 10 வயது நிறைந்து, வேறு நாட்டில் ஒரு கிளப்பில் பதிவு செய்து ஆடியிருந்தால் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் தேவை. தேசியச் சங்கம்தான் அதைக் கேட்டுப் பெற வேண்டும், நாளாகும். பதிவு செய்யும் அன்றே கிளப்பிடம் சொல்லிவிடுங்கள். முதல் ஆட்டத்தன்று தெரியவந்தால் பிள்ளை வெளியே உட்கார வேண்டியதுதான்.

வாங்க வேண்டியவை

பூட்ஸ், ஷின் பேட் (முன்கால் எலும்புக்கான காப்பு), நீளக் காலுறை, தண்ணீர் பாட்டில், வீட்டில் உதைக்க ஒரு பந்து. 9 வயதுக்குட்பட்டோர் வரை 3-ஆம் எண் பந்து; அதற்கு மேல் 13 வரை 4-ஆம் எண். "வளர்ற பிள்ளை" என்று இரண்டு சைஸ் பெரிய பூட்ஸ் வாங்கிவிடாதீர்கள். பாதம் உள்ளே வழுக்கும், பந்து உதைக்கிற இடத்தில் படாது, குதிகால் கொப்பளிக்கும். பெருவிரலுக்கு முன் ஒரு விரல் அகலம் போதும். ஷின் பேட் காலுறைக்கு உள்ளே இருக்க வேண்டும்.

நகை விஷயத்தில் நம் வீடுகளில்தான் சிக்கல் அதிகம். தோடு, வளையல், கொலுசு, கையில் கட்டிய கயிறு எதுவும் கூடாது. தோட்டின் மேல் டேப் ஒட்டுவதையும் விதி ஏற்பதில்லை. காது குத்திய துளை ஆற சுமார் ஆறு வாரம் ஆகும், அதற்குள் தோட்டைக் கழற்றவும் முடியாது. எனவே காதணி விழாவை சீசன் முடிந்த பிறகு வையுங்கள்.

சனிக்கிழமை காலை

மழை பெய்திருந்தால் கிளம்பும் முன் கவுன்சில் (உள்ளாட்சி) அறிவிப்பைப் பாருங்கள். புல் நாசமாகாமலிருக்க மைதானத்தை மூடிவிடுவார்கள்.

6, 7 வயதுக்குட்பட்டோர் ஆட்டம் மினிரூஸ் என்ற சிறுவர் முறையில் நடக்கும்: பக்கத்துக்கு 4 பேர், கோல்கீப்பர் கிடையாது, 15 நிமிடப் பாதி இரண்டு. ஆடுகளம் 30 மீட்டருக்கு 20. அளவுநாடா இல்லையென்றால், பெரியவர் ஒருவர் எட்டி வைக்கும் நடை ஏறக்குறைய ஒரு மீட்டர்; நீளத்துக்கு 30 எட்டு, அகலத்துக்கு 20. ஐந்து எட்டுக்கு ஒரு கூம்பு வையுங்கள். இடைவெளி அதைவிடக் கூடினால் பிள்ளைகளுக்குக் கோடு கண்ணில் படாது, பந்தோடு பக்கத்துக் களத்துக்குள் ஓடிவிடுவார்கள். கோல் 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். அதை ஆப்பு அடித்தோ மணல் மூட்டை வைத்தோ அசையாமல் நிறுத்துங்கள். கோல் சாய்ந்து பிள்ளைமேல் விழுவதுதான் இந்த மைதானங்களில் உண்மையான ஆபத்து. எந்தப் பிள்ளையும் கம்பத்தைப் பிடித்துத் தொங்க இடம் கொடுக்காதீர்கள்.

மாற்று ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம். 6 பேர் இருந்தால் இரண்டிரண்டு பேராக மூன்று ஜோடி பிரித்து, 5 நிமிடத்துக்கு ஒரு ஜோடியை உட்காரவையுங்கள். 30 நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் சரியாக 20 நிமிட ஆட்டம். "எம் பிள்ளையை ஏன் இறக்கலை?" என்ற பேச்சுக்கே இடமில்லை.

11 வயதுக்குட்பட்டோர் வரை புள்ளிப் பட்டியல் இல்லை, இறுதிப் போட்டியும் இல்லை. இது நல்ல ஏற்பாடு. வெற்றி கணக்கில் வந்துவிட்டால் பயிற்சியாளர் திறமையான இருவரையே நம்புவார், மற்றவர்கள் விளையாட்டை விட்டே போய்விடுவார்கள். ஆறு வயதில் எல்லோரும் பந்தை ஈ மொய்ப்பதுபோல் மொய்ப்பது இயல்பு. கோட்டுக்கு வெளியே நின்று "அடி! அடி! பாஸ் பண்ணு!" என்று கத்தாதீர்கள். பந்தை வைத்திருக்கத் துணிகிற பிள்ளை அந்தக் குரல் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு உதைத்துத் தள்ளிவிடும். பிறகு பந்தைக் காலில் வைத்து ஆடக் கற்பது தாமதமாகும்.

பெற்றோர் பங்கு

எல்லாம் தன்னார்வலர்களால் ஓடுகிறது. இடைவேளைக்கு ஆரஞ்சு நறுக்கிக் கொண்டுவரும் முறை உங்களுக்கும் வரும்: நான்கு துண்டாக நறுக்கி, தோலோடு, மூடிய டப்பாவில், ஒரு பிள்ளைக்கு ஒரு பழம் கணக்கு. கேன்டீன் முறையும் உண்டு. அணி மேலாளராகவோ பயிற்சியாளராகவோ ஆக விரும்பினால் குழந்தைகளோடு பணியாற்றும் அனுமதி பற்றி கிளப்பிடம் கேளுங்கள். நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் தன்னார்வலர்களுக்கு அது இலவசம்.

சீசன் முடிந்ததும் கிளப் தந்த சட்டையைத் துவைத்துத் திருப்பிக் கொடுங்கள். காது குத்த நாள் பார்க்கவும் அதுதான் சமயம்.