பன்றிக்குக் கட்டிய கம்பியில் சிறுத்தை விழாதிருக்க

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் காட்டோரமாக மரக்கறி செய்பவருக்குச் சிறுத்தை பகையல்ல. ஒரே இரவில் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போகும் காட்டுப்பன்றியே பகை. அதைப் பிடிக்கப் பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியைச் சுருக்காக்கி வேலி இடைவெளியில் கட்டிவிடுகிறார்கள். காசு செலவாகாது என்பதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் பன்றி நுழையும் வழியால் சிறுத்தையும் வரும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், லக்ஷபான தேயிலைத் தோட்டத்து மரக்கறிக் காணியொன்றில் கம்பியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் சில நாட்களில் இறந்துபோனது. இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இல்லாத துணையினம், சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பன்றிக்குத்தான் வைத்தேன் என்று சொல்லித் தப்பிவிடலாம் என எண்ண வேண்டாம்.

வேலைக்கு இறங்குமுன் நிலம் யாருடையது என்று பாருங்கள். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் நிலம் அரசுடையதாகவே இருந்தது; ஆகவே லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் கிழங்கும் கோவாவும் போடுகிறவரிடம் பெரும்பாலும் காணி உறுதிப் பத்திரம் இருப்பதில்லை. உறுதியுள்ளவர் வேலியைத் தன் முதலீடாகக் கருதலாம். உறுதியில்லாதவர் வேலிச் செலவில் பங்கு கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, பிரதியொன்றைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். நிலமும் இல்லாமல், காட்டைக் காக்கும் செலவையும் தானே சுமக்க வேண்டுமென்று அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல என்பது என் எண்ணம்.

அடுத்து, மழை விட்ட காலையில் எல்லையைச் சுற்றி நடந்து பாருங்கள். குளம்புத் தடம், கிளறிய மண், வேலியின் அடிக்கம்பில் ஒட்டிய சேறும் முரட்டு மயிரும் பன்றி நுழையும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பன்றி தாண்டுவதை விட மூக்கால் அடியை நெம்பித்தான் உள்ளே வரும் என்பதால், உயரமான வேலிக்குச் செலவழிப்பதை விட, வேலிக்கு அடிக்கும் தகரத்தின் கீழ் விளிம்பை அரை அடியாவது மண்ணுக்குள் புதைப்பதே பயன் தரும். அயலவருடன் சேர்ந்து அடைப்பது இன்னும் மலிவு: ஒரே சதுரமாகச் சேர்ந்திருக்கும் நான்கு சம காணிகளைத் தனித்தனியே அடைக்க ஆகும் வேலியில் பாதிதான், நான்கையும் ஒரே சுற்றாக அடைக்க ஆகும். வீட்டு மின்சாரத்தை மட்டும் வேலிக்கு எடுத்துவிடாதீர்கள். அதில் முதலில் சாவது அதிகாலையில் அவ்வழியே வரும் மனிதராகவும் இருக்கலாம்.

லயத்தருகே சிறுத்தை வருவது பெரும்பாலும் நாய்க்காகத்தான். நாயையும் ஆட்டையும் இரவில் உறுதியான கதவுள்ள கொட்டிலில் அடைத்தால் அந்தச் சிக்கலில் பாதி தீரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சிறுத்தை கம்பியில் அகப்பட்டிருப்பதைக் கண்டால், யார் கட்டிய கம்பி என்ற பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். சிறுத்தை மிரண்டு துள்ளத் துள்ள இடுப்பைச் சுற்றிய சுருக்கு இறுகி உள்ளுறுப்புகளைக் காயப்படுத்தும். ஆகவே, கைத்தொலைபேசியுடன் கூடும் கூட்டத்தை அப்புறப்படுத்துவதே நீங்கள் செய்யக்கூடிய முதலுதவி. கம்பியை நீங்களாக வெட்ட முயல வேண்டாம்.

உங்கள் காணியிலிருந்து கழற்றும் பழைய சுருக்குகளை வேலியோரம் வீசிவிடாமல், சாண் நீளத் துண்டுகளாக வெட்டிவிடுங்கள். முழுதாகக் கிடந்தால் அடுத்த வாரம் அதே கம்பி இன்னொருவர் காணியில் சுருக்காகக் கட்டப்பட்டிருக்கும்.