லைட்டன் அப், சியர் அப், பிரைட்டன்: எங்கே தப்பு பண்ணுகிறோம்

அழுதுகொண்டிருக்கும் தோழிக்கு 'லைட்டன் அப்' என்று மெசேஜ் அனுப்பாதீர்கள். லைட் என்றால் லேசு, அப்படியானால் லைட்டன் அப் என்றால் 'மனசை லேசாக்கிக்கொள்' என்றுதானே அர்த்தம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம், கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதை எடுத்ததற்கெல்லாம் சீரியஸாகிவிடும் ஆளிடம்தான் சொல்வார்கள், அதிலும் லேசான கண்டிப்போடு. 'இதுக்கெல்லாமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க, விடுப்பா' என்பதுதான் அதன் தொனி. கேலியைத் தாங்காமல் முறைக்கும் நண்பனிடம் சொல்லலாம், சண்டை வராது. மேலதிகாரியிடம் வேண்டாம். துக்கத்தில் இருப்பவரிடம் கூடவே கூடாது.

சரி, அப்போ சியர் அப்? அது கொஞ்சம் மென்மையானது, ஆனால் சின்னச் சின்ன ஏமாற்றங்களுக்கு உரியது. மேட்ச் தோற்றது, மார்க் குறைந்தது, போக நினைத்த பயணம் மழையால் நின்றுபோனது, இந்த மாதிரி. வீட்டில் ஒரு சாவு, பெரிய நோய், நாள்கணக்கில் நீளும் மன அழுத்தம் என்றால் 'சியர் அப்' என்பது 'உன் கஷ்டம் அவ்வளவு பெரிசில்லை' என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும். அங்கே 'ஐம் சோ சாரி', 'ஐம் ஹியர் இஃப் யூ நீட் மீ' போதும். இலக்கணப் பிழையைக் கேட்பவர் அடுத்த நிமிஷமே மறந்துவிடுவார், ஆறுதல் தேடும் நேரத்தில் தைத்த சொல்லை மறக்கமாட்டார், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இனி அந்த 'அப்' விஷயம். அதைச் சும்மா ஒட்டிக்கொண்ட வால் என்று நினைத்துக் கழற்றிவிடுகிறோம். 'த கிரவுட் சியர்டு' என்றால் கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்தது. 'த கிரவுட் சியர்டு அப்' என்றால் சோர்ந்து கிடந்த கூட்டத்துக்கு உற்சாகம் திரும்பியது. அப்புறம், அவன், அவள், அவர்கள் மாதிரியான பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: 'சியர் ஹிம் அப்' சரி, 'சியர் அப் ஹிம்' தப்பு. பெயர்ச்சொல்லாக இருந்தால் இரண்டு இடமும் சரி, 'சியர் அப் த சில்ட்ரன்', 'சியர் த சில்ட்ரன் அப்'.

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் 'ஹெர் ஃபேஸ் பிகேம் பிரைட்டன்' என்பது. தமிழில் முகம் மலர்ந்தது என்பதற்கு ஒரு வடிவம், மலரச் செய்தது என்பதற்கு இன்னொரு வடிவம், தன்வினை பிறவினை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் பிரைட்டன் என்ற ஒரே வினை இரண்டு வேலையையும் பார்க்கும். 'ஹெர் ஃபேஸ் பிரைட்டண்ட்' என்றால் முகம் தானாக மலர்ந்தது, 'த நியூஸ் பிரைட்டண்ட் ஹெர் டே' என்றால் அந்தச் செய்தி அவள் நாளையே மலரவைத்தது. டார்க்கன், வைடன், ஷார்ப்பன் எல்லாம் இதே குடும்பம்தான். கடைசியில் வரும் 'அன்' ஓசையிலேயே 'ஆவது', 'ஆக்குவது' இரண்டும் இருப்பதால், முன்னால் பிகேம் தேவையே இல்லை. ஆனால் எல்லாப் பெயரடையும் இந்தக் குடும்பத்தில் சேராது. ஹேப்பியோடு இதை ஒட்ட முடியாது, ஒட்டிப் பார்த்தால் கிடைக்கும் ஹேப்பன் 'நடப்பது' என்ற வேறு சொல்.

மகிழ்ச்சியில் முகம் சட்டென்று பளிச்சென்றானால் 'லைட்டண்ட் அப்' என்று எழுதாதீர்கள், 'லிட் அப்' என்று எழுதுங்கள். லிட் என்பது லைட் என்ற வினையின் இறந்தகாலம், லைட்டன் தனி வினை.

அந்த லைட்டனுக்கே இரண்டு முகம் உண்டு. கனமில்லாத லைட்டும் வெளிச்சமான லைட்டும் ஆங்கிலத்தில் வேரிலேயே வேறு வேறு சொற்கள், இன்று எழுத்து ஒன்றாகிவிட்டது. அதனால் 'லைட்டன் த பேக்' என்றால் பையின் பாரத்தைக் குறைப்பது, 'லைட்டன் த ஹேர்' என்றால் முடியின் நிறத்தை வெளிற வைப்பது. இறுக்கமான பேச்சைத் தளர்த்துவதை 'லைட்டன் த மூட்' என்பார்கள், அங்கே அப் வேண்டியதில்லை. உடம்பு இளைத்ததை மட்டும் 'ஐ லைட்டண்ட்' என்று சொல்ல முடியாது, 'ஐ லாஸ்ட் வெயிட்' தான். 'மனசு லேசாச்சு' என்பதை அப்படியே 'மை மைண்ட் பிகேம் லைட்' என்று பெயர்த்தாலும் ஒட்டாது. 'ஐ ஃபெல்ட் ரிலீவ்டு' என்றோ, கவலை தீர்ந்த நிம்மதி என்றால் 'தட்ஸ் எ வெயிட் ஆஃப் மை மைண்ட்' என்றோ சொன்னால் உடனே புரியும்.

என்லைட்டனுக்கும் உற்சாகத்துக்கும் சம்பந்தமில்லை, அது தெளிவுபடுத்துவது, அறிவூட்டுவது. களையிழந்த விருந்தைக் கலகலப்பாக்குவது லைவன் அப். லிவ் அப் டு என்பது எதிர்பார்ப்புக்கு ஈடுகொடுப்பது, எழுத்தில் பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் பலர் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். களைத்துப்போனவர் ஒரு காபி குடித்துத் தெம்பாக நிமிர்வது பெர்க் அப். வாடிய செடி தண்ணீர் விட்டதும் நிமிர்வதற்கும் அதே சொல்தான்.

கடைசியாக ஸ்பெல்லிங். மின்னலைக் குறிக்கும் லைட்னிங்கில் நடுவே 'ஈ' எழுத்து கிடையாது. அந்த எழுத்தைச் சேர்த்தால் அது லைட்டனிங், லேசாவது அல்லது வெளிறுவது. மகப்பேறு மருத்துவத்திலும் இந்தச் சொல் இருக்கிறது: பிரசவம் நெருங்கும்போது குழந்தை இடுப்புக்குழிக்குள் இறங்கி, தாய்க்கு மூச்சுவிடுவது சுலபமாவதற்கு லைட்டனிங் என்றே பெயர். இரண்டுமே அகராதியில் இருக்கும் சொற்கள் என்பதால் சாதாரண ஸ்பெல் செக் சிவப்புக் கோடு போடாது, மின்னலைப் பற்றி எழுதும்போது நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.