மட் டயர் பாலன்சிங்: மெஷினில் ‘ஸீரோ’, ரோட்டில் நடுக்கம்

சேற்றில் பிடிமானத்துக்காகப் பெரிய ரப்பர் பட்டன்கள் வைத்த மட் டயர் போட்ட வண்டியில், சிலேத்தார் விரைவுச்சாலையில் 80-ல் போகும்போது ஒன்றும் தெரியாது. துவாஸ் இரண்டாம் பாலத்தைத் தாண்டி, மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையிலேயே துள்ளும். டயர் கடையில் நேற்றுதான் பாலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன் செய்யும் வேலை, செய்திருப்பார்கள். ‘ஸீரோ வந்துடுச்சு அண்ணே’ என்று மெஷின் திரையையும் காட்டியிருப்பார்கள். முக்கால் டேங்க் பெட்ரோல் நிரப்பி, சுங்கச்சாவடியில் வரிசையில் நின்று, கடைசியில் இடது ஓரத் தடத்தில் 90-ல் உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மெஷின் பொய் சொல்லவில்லை. அதில் சக்கரத்தை எப்படி மாட்டினார்களோ, அந்த மாட்டலுக்குத்தான் அது ஸீரோ காட்டியது. மட் டயர் விஷயத்தில் தவறுகளில் பெரும்பாலானவை ஸ்டார்ட் பொத்தானை அமுக்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

சிங்கப்பூரில் கோளாறு ஒளிந்துகொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. எடை ஒரு பக்கம் கூடியிருந்தால் வரும் உலுக்கல், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80-லிருந்து 110-க்குப் போனால் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 35 அங்குல டயர் 110 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 11 தடவை சுற்றும். 17 அங்குல ரிம்மின் விளிம்பில் 100 கிராம் குறை இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 11 கிலோ எடை அளவுக்கு ஓர் இழுப்பு. இங்கே விரைவுச்சாலையில் வேக வரம்பு அதிகபட்சம் 90. அதனால் ‘இங்கே நன்றாகத்தானே ஓடியது’ என்பதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

நடுமையம் தவறுவது

இதுதான் ஆகப் பெரிய தவறு, ஆகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான். டயரும் ரிம்மும் சேர்ந்து 42 கிலோ என்று வையுங்கள். 35 அங்குல மட் டயருக்கு இது சாதாரணம். மெஷினின் தண்டில் அந்தச் சக்கரம் அரை மில்லிமீட்டர் மையம் விலகி உட்கார்ந்தால், கணக்கில் வரும் பிழை 97 கிராம். மயிரிழை அளவு, அதாவது 0.1 மில்லிமீட்டர் விலகினாலே ஏறத்தாழ 20 கிராம். அந்தப் பொய்க் குறைக்கு மெஷின் வெயிட் (ரிம்மில் பொருத்தும் சிறு எடைத் துண்டு) கேட்கும், கடைக்காரரும் ஒட்டுவார், திரையில் ஸீரோ வரும். வண்டியில் மாட்டி, ஹப் (சக்கரம் உட்காரும் அச்சு முனை) சரியான மையத்தில் பிடித்துக்கொண்டதும், அந்த 97 கிராம் வெயிட்டே கோளாறாக மாறிவிடும்.

ஏன் விலகுகிறது? சாதாரணக் காருக்கு வைத்திருக்கும் கோன் (சக்கரத்தை மெஷின் தண்டில் மையப்படுத்தும் கூம்பு) போதாது. ஜிம்னி ரிம்மின் நடுத்துளை 108 மில்லிமீட்டர், ஹைலக்ஸ், பிராடோவில் 106. சின்ன கோன் இந்தத் துளைக்குள் மூழ்கிவிடும், அல்லது அதன் அடிப்பகுதியின் விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும். இதற்கென்று பெரிய கோன் உண்டு. அதைச் சக்கரத்தின் உள்பக்கத்திலிருந்து, அதாவது ஹப்பில் உட்காரும் பக்கத்திலிருந்து, ஸ்பிரிங் தள்ள வைக்க வேண்டும். பல கடைகளில் வசதிக்காக முன்பக்கத்திலிருந்து கோனைச் செருகி இறுக்கிவிடுகிறார்கள். முன்பக்கத் துளை, நடு மூடியை மாட்டுவதற்காகக் கடைந்தது. அதன் மையமும் ஹப் உட்காரும் துளையின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

வெளியில் வாங்கிப் போட்ட ரிம்களில் இன்னொரு சிக்கல். ஹப் 106 என்றால் ரிம் துளை 110 இருக்கும். வண்டியில் அந்த ரிம்மை மையப்படுத்துவது ஹப் அல்ல, கூம்பு முனை நட்டுகள்தான். மெஷினிலும் நட்டுத் துளைகளைப் பிடித்தே மாட்ட வேண்டும். அதற்கு 5 அல்லது 6 விரல் கொண்ட பிளேட் இருக்கிறது. ‘பிளேட் இருக்கா?’ என்று கடையில் முதலிலேயே கேளுங்கள். இல்லை என்றால் வேறு கடை பார்ப்பது நல்லது. காக்கி புக்கிட்டிலும் சின் மிங்கிலும் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை போதும், மூன்று நிமிடம் பிடிக்கும். ஸீரோ வந்த பிறகு நட்டைத் தளர்த்தி, தண்டு அசையாமல் சக்கரத்தை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றவிடச் சொல்லுங்கள். 10 கிராமுக்குள் காட்டினால் மாட்டல் சரி. 35, 40 என்று குதித்தால் மாட்டல் தவறு. ஒட்டிய வெயிட்டையெல்லாம் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தச் சோதனைக்கு முகம் சுளிக்கும் கடை, உங்கள் வண்டிக்கேற்ற கடை அல்ல.

சேறு

கோத்தா திங்கி பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்தால், ரிம்மின் உள் வளைவில் செம்மண் அப்பிக் காய்ந்திருக்கும். காய்ந்தால் கிட்டத்தட்ட சிமெண்டுதான். பெட்ரோல் நிலையத்துப் பிரஷ் வாஷ் ரிம்மின் முகத்தை மட்டும்தான் கழுவும். வண்டியைத் தூக்கி, உள்பக்கத்திலிருந்து ஜெட் நீரை அடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். கைப்பிடியளவு மண் 200 கிராமைத் தாராளமாகத் தாண்டும். பயணம் முடிந்து திரும்பும் வழியில் நடுக்கம் ஆரம்பித்தால் முதல் சந்தேகம் சேறாகத்தான் இருக்க வேண்டும்.

சேற்றோடு பாலன்சிங் செய்வது இன்னும் மோசம். ஒரு வாரத்தில் மண் உதிரும், அதற்கு ஈடாக ஒட்டிய வெயிட் மட்டும் நிற்கும். பட்டன்களுக்கு நடுவே சிக்கிய கூழாங்கற்களையும் நெம்பி எடுத்துவிட்டுத்தான் மெஷினில் ஏற்ற வேண்டும்.

டயருக்குள் தண்ணீர்

டயர் மாட்டும்போது தாராளமாகத் தடவிய சோப்புத் தண்ணீர், பஞ்சர் அடைக்கும் திரவம், வடிகட்டாத கம்பிரஸரிலிருந்து காற்றோடு வரும் நீர்: எல்லாம் டயருக்குள் தேங்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் கம்பிரஸர் டேங்கை அடிக்கடி வடிக்கவில்லை என்றால் காற்றுக் குழாயிலேயே தண்ணீர் வரும். இதன் அடையாளம் எளிது. ஒவ்வொரு முறை சுற்றவிடும்போதும் மெஷின் வேறு வேறு இடத்தில் வேறு வேறு எண் காட்டும். டயரைக் கழற்றித் துடைக்காமல் அதற்கு மருந்தில்லை.

பீட் சரியாக உட்காராமல் சுற்றவிடுவது

பீட் என்பது ரிம்மில் உட்காரும் டயரின் உள் ஓரம். புது மட் டயரின் பக்கச்சுவர் தடிமன். ரிம்மை ஒட்டினாற்போல டயரைச் சுற்றி ஒரு மெல்லிய வார்ப்புக் கோடு இருக்கும். அந்தக் கோடும் ரிம் விளிம்பும் சுற்று முழுக்க ஒரே இடைவெளியில் போகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால் பீட் இன்னும் ஏறவில்லை. காற்றை இறக்கி, டயர் மாட்டும் வழுக்குப் பசை தடவி, மறுபடி ஏற்ற வேண்டும். பீட்டை உட்கார வைக்க 40 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏற்றவே கூடாது. ‘இன்னும் கொஞ்சம் அடி, டப்னு உட்காந்துரும்’ என்பது கையை இழக்கும் வழி.

டயரே உருளையாக இல்லாவிட்டால் எத்தனை வெயிட் ஒட்டியும் பயனில்லை. மெஷினில் மெதுவாகச் சுற்றவிட்டு, பட்டன்களின் மேலே ஒரு குச்சியை அசையாமல் பிடியுங்கள். இடைவெளி 2 மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால், டயரை ரிம் மேல் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பார்க்கலாம். ஒரு பக்கத்துக்கு 150 கிராமுக்கு மேல் மெஷின் கேட்டாலும் முதலில் இதையே செய்யுங்கள். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் இலேசான இடம். அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால், பாதி வேலை வெயிட் இல்லாமலே முடிந்துவிடும்.

வீட்டுக் கீழே கார்ப்பார்க்கில் ஒரு வாரம் அசையாமல் நின்ற வண்டியை நேராக மெஷினுக்குக் கொண்டுபோகாதீர்கள். டயரின் அடி தட்டையாகியிருக்கும். 20 நிமிடம் ஓட்டிச் சூடேற்றிவிட்டுப் போங்கள்.

மெஷினில் தப்பான எண்

ரிம் அகலம் 9 அங்குலமாக இருக்க, முன்னால் வந்துபோன காரின் 6.5 அப்படியே நிற்கும். மெஷின் அந்த அகலத்துக்குக் கணக்குப் போடும். கண்ணில்படும் தவறு, திரையைப் பார்த்தால் போதும்.

‘ஸ்டேட்டிக்’ மட்டும் செய்வது இதைவிட ஆழமான தவறு. ஸ்டேட்டிக் முறை மேலும் கீழும் துள்ளுவதை மட்டும் நிறுத்தும். 12.5 அங்குல அகல டயரில் உள்பக்கம் ஒரு பாரம், வெளிப்பக்கம் எதிர்த்திசையில் ஒரு பாரம் இருந்தால் சக்கரம் இடமும் வலமுமாக ஆடும். ஸ்டியரிங்கில் வருவது இந்த ஆட்டம்தான். இரண்டு தளங்களில் வெயிட் போட்டால்தான் இது தீரும்: ஒன்று உள் விளிம்பில், மற்றொன்று ரிம்மின் ஆரக்கால்களுக்குப் பின்னால், ஒளிந்த இடத்தில். வெளி விளிம்பில் கிளிப் வெயிட் அடிப்பது ரோட்டு வண்டிக்குச் சரி, கல்லிலும் வேரிலும் உரசும் வண்டியில் அது முதல் நாளே பறந்துவிடும்.

ஒட்டும் வெயிட்டுக்கு இடத்தை பிரேக் கிளீனரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அழுத்தி ஒட்டி, மேலே அலுமினியப் பட்டை ஒட்டுங்கள். சேறும் ஜெட் நீரும் ஓரத்தை நெம்பாது. ஒட்டியபின் பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா என்று கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க மறக்கக் கூடாது.

மணிகள் என்ற மாயம்

டயருக்குள் சின்னச் சின்ன மணிகளைக் கொட்டிவிட்டால் அவையே இடம் பார்த்து உட்கார்ந்து பாலன்ஸ் செய்யும் என்பது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. 33 முதல் 35 அங்குல டயருக்கு 200 முதல் 280 கிராம் வரை போடுவார்கள். சரியான அளவை உற்பத்தியாளர் அட்டவணையில் பாருங்கள். டயர் ஓரளவு வேகம் பிடித்த பிறகே மணிகள் பரவும், அதற்கு முன்னால் கீழே உருண்டுகொண்டிருக்கும். துள்ளலைக் குறைக்கும் அளவுக்குப் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்காது.

மணி போட்டவர்கள் செய்யும் தவறுகள் மூன்று. பழைய வெயிட்டைக் கழற்றாமல் விடுவது. மணியோடு மெஷினில் ஏற்றி, எண் நிற்கவில்லை என்று குழம்புவது. சாதாரண வால்வு கோரையே (வால்வுக்குள் இருக்கும் அடைப்பு ஊசி) வைத்துக்கொள்வது: காட்டில் காற்றைக் குறைக்கும்போது மணி வால்வில் சிக்கிக் காற்று கசியும், அதற்கென வடிகட்டி வைத்த கோர் தேவை. உள்ளே ஈரம் இருந்தால் மணிகள் கட்டிபிடித்து ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சிங்கப்பூர்க் காற்றில் இது பெரிய குறை என்பதால், தினமும் ஓட்டும் வண்டிக்கு வெயிட்டே மேல்.

ரிம் மேல் டயர் நழுவுவது

சேற்றில் 15 பிஎஸ்ஐ-க்கு இறக்கிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், ரிம் சுற்றும், டயர் கொஞ்சம் பின்தங்கும். யார் கண்ணுக்கும் தெரியாது. 17 அங்குல ரிம்மில் அரைச் சாண் நழுவினால் அது 30 பாகை. 150 கிராம் வெயிட்டால் சமன் செய்த சக்கரம் என்றால், இந்த நழுவலுக்குப் பிறகு 75 கிராமுக்கு மேல் குறை திரும்பி வந்துவிடும். வால்வுக்கு நேராக ரிம்மிலும் டயரிலும் வெள்ளைப் பெயிண்ட் மார்க்கரால் ஒரே கோடு இழுத்து வையுங்கள். காட்டிலிருந்து வெளியே வந்து காற்று ஏற்றும்போது கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால், எந்தச் சக்கரத்தை மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வண்டியில் மாட்டும்போது

ஹப் முகத்தில் துருவும் மண்ணும் இருந்தால் கம்பிப் பிரஷால் தேய்த்து எடுங்கள். சக்கரம் காற்றில் இருக்கும்போதே நட்டுகளைக் கையால் போட்டு, நட்சத்திர வரிசையில் படிப்படியாக இறுக்கி, பிறகு இறக்கி டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) முடிக்க வேண்டும். ஜிம்னிக்கு 100 நியூட்டன்-மீட்டர். மற்ற வண்டிகளுக்குக் கையேட்டைப் பார்க்கவும். இம்பாக்ட் கன்னால் ஒரே மூச்சில் இறுக்கினால், நட்டு மையப்படுத்தும் ரிம் ஒரு பக்கமாக ஒதுங்கி அப்படியே பூட்டிக்கொள்ளும். மெஷினில் பட்ட பாடு அத்தனையும் வீண். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் பாருங்கள்.

எல்லாப் பழியையும் டயர் மேல் போடுவது

நடுக்கம் ஸ்டியரிங்கில் வந்தால் முன்சக்கரம், இருக்கையில் வந்தால் பின்சக்கரம் என்று தொடங்கலாம். ஆக்ஸிலரேட்டரை விட்டால் மறைந்து, மிதித்தால் வருகிறது என்றால் அது டயர் அல்ல. வண்டியை உயர்த்தியதால் கோணம் மாறிய புரொப்பெல்லர் ஷாஃப்ட்டாக இருக்கலாம். பட்டன்கள் தார்ச்சாலையில் போடும் ‘ங்ங்’ என்ற ஓசையும் பாலன்ஸ் கோளாறு அல்ல.

ஜிம்னி, ராங்ளர், பழைய டிஃபெண்டர் போல முன்னால் திட அச்சு உள்ள வண்டிகளில், ஒரு குழியில் இறங்கி ஏறியதும் முன்பக்கம் முழுவதும் வெறிபிடித்தாற்போல் ஆடத் தொடங்கி, வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் நிற்கும். சின்ன பாலன்ஸ் குறை அதைத் தூண்டிவிடலாம், ஆனால் அதை வளர விடுவது தளர்ந்த உறுப்புதான்: பக்கவாட்டு இணைப்புத் தண்டின் புஷ், டை ராட் முனை, ஜிம்னியில் கிங்பின் பேரிங். ஸ்டியரிங் டேம்பரை மட்டும் மாற்றினால் சில மாதம் அடங்கியிருக்கும், பிறகு முன்பைவிடக் கோபமாகத் திரும்பும். வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதாக இடவலம் ஆட்ட, மற்றொருவர் கீழே படுத்து ஒவ்வோர் இணைப்பிலும் விரலை வைத்துப் பார்த்தால், எது தனியாக அசைகிறது என்பது விரலுக்கே தெரியும்.

பின்கதவில் தொங்கும் ஐந்தாவது சக்கரத்தையும் அதே நாளில் மெஷினில் ஏற்றிவிடுங்கள். அதில் ஒட்டிய கிராமையும் தேதியையும் ரிம்மின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்தால், அடுத்த முறை எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒப்பிடலாம்.